காலை ஆறு மணிக்குப் பிறக்கும் நாள்

எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. காமன் மாட்யூலின் வெர்ஷனை யாரும் மாற்றக் கூடாது. மூன்று என்று இருந்தால் மூன்றாகவே இருக்க வேண்டும். நான் அதை நான்காக்கினேன். இதைப் பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அடக்கமாகச் சொல்ல வேண்டிய காரியம் இல்லை இது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் தலைமை அலுவலகம். அங்கே முதலாளியும் ஆறு ஆண்களும் இருந்தார்கள். சிதம்பரத்தில் கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒரே ஓர் அறை, அதில் நாங்கள் நான்கு பெண்கள். நான்கு பேருமே தினமும் கடலூருக்குப் பஸ்ஸில் போய்வர முடியாதவர்கள். எனக்குப் படுக்கையில் கிடக்கும் மாமனார். ஒருத்தியின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், இரண்டு குழந்தைகளும் இவள் கையில். ஒருத்தி பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிறவள், சிதம்பரம் வரைதான் வீட்டில் அனுமதி. ஒருத்தி கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒன்றில் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறாள். வேலைக்குப் போகலாம், ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது அவள் வீட்டு ஒப்பந்தம். அந்த அறை இருந்ததால் நாங்கள் நால்வரும் வேலையில் இருந்தோம்.

ஒன்பது இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு வருகைப் பதிவு, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு நர்சுகளின் டியூட்டி அட்டவணை, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பட்டியல், இப்படி. ஒன்பதுக்கும் பொதுவான வேலைகள் சில உண்டு. ஆட்கள் யார் யார், இன்று என்ன தேதி, யார் எந்த ஷிப்ட், யாருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பவை. இவற்றை ஒரே இடத்தில் எழுதி ஒன்பதும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒன்பது வீட்டுக்குக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டிதான் காமன் மாட்யூல்.

தொட்டியைக் கழுவ வேண்டுமென்றால் ஒன்பது வீட்டுக்கும் சொல்ல வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு எங்கள் ஆட்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மாட்யூலில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதை அப்படியே காப்பியடித்துத் தன் வேலைக்குள் வைத்து, அங்கே மாற்றிக்கொள்வது. இப்படி ஐந்து காப்பிகள் உருவாகியிருந்தன. ஒன்றின் பெயர் காமன் நியூ. இன்னொன்று காமன் நியூ ஃபைனல். கடைசியாக வந்தவர் காமன் சாமி சத்தியமா ஃபைனல் என்று வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மாட்யூலை எழுதிய கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நறுக்குவார்கள். மற்றபடி அதன் பக்கம் யாரும் போவதில்லை.

போன வருஷம் சர்வரை வாடகைக்குக் கொடுத்திருந்தவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் மாட்யூல் எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டிருந்ததோ அதன் பழைய பதிப்பை மூன்று மாதத்தில் நிறுத்தப்போகிறார்கள். புதியதில் எங்கள் மூன்றாம் வெர்ஷன் ஓடாது. அது ஓடாவிட்டால் ஒன்பதும் நிற்கும். முதலாளி எல்லோரையும் கடலூருக்கு வரச் சொன்னார்.

மாட்யூலை முதலில் எழுதியவர் எங்கள் சீனியர். முதலாளிக்குச் சொந்தக்காரர். அதனால் முதலாளிக்கு மச்சான், ஆபீசுக்கே மாமா. நான் மட்டும் சார் என்பேன். எனக்கு அவர்மேல் மாமா என்று கூப்பிடும் அளவுக்குப் பிரியம் கிடையாது.

"தொட்டா ஒம்போதும் படுத்துரும் மச்சான். ஓடுற வண்டிய எதுக்கு நோண்டுற?" என்றார் சீனியர்.

"வண்டி ஓடும் மச்சான். ரோடே இருக்காதுன்றானே சர்வர்காரன்" என்றார் முதலாளி. பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சென்னைல ஒரு கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் புதுசா எழுதித் தர்றேன்றாங்க. அவுங்ககிட்ட குடுத்துட்டா நமக்கு ஆளு ஜாஸ்தி வேணாம். சிதம்பரம் ரூம காலி பண்ணிடலாம்."

ஒரு மனிதர் நான்கு பேரின் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது மின்விசிறியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வந்தது.

"நான் பண்றேன் சார். மூணு மாசத்துல நாலாம் வெர்ஷன். ஒம்போதையும் மாத்திக் குடுக்கறேன்" என்றேன்.

சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயாம்மா?" என்று கேட்டார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன். அந்த ஒற்றைச் சொல் சிதம்பரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

முதல் மூன்று வாரம் படிப்பதிலேயே போயிற்று. ஐந்து காப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எது வேறுபடுகிறது என்று நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தோம். கப்பல்காரர் மனைவி பொறுமைசாலி. அவள்தான் வேறுபாடுகளை வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தாள். பாதி வேறுபாடுகள் எதற்கு என்றே யாருக்கும் தெரியாதவை. ஒரு காப்பியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையையே நீக்கியிருந்தார்.

அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. எந்த நேரம் வந்தாலும் அதிலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அப்புறம்தான் தேதி என்ன என்று பார்க்கிறது மாட்யூல். ஏன் என்று ஒரு சொல் விளக்கம் இல்லை. ஐந்து காப்பியிலும் அந்த வரி அப்படியே இருந்தது.

எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் ராத்திரி பன்னெண்டுக்கு நாள் மாறுது. நம்ம சாருக்கு மட்டும் விடியணுமாம். மணி பாக்கவே தெரியாத ஆளு, என்னப் பாத்து நீயாம்மான்றாரு" என்று அறையே சிரிக்கும்படி பேசினேன். கோயில் வீதிக்காரி மட்டும் சிரிக்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, உலகம் ஒப்புக்கொண்டபடி நள்ளிரவில் நாள் மாறுமாறு எழுதினேன். சோதனைகள் எல்லாம் பாஸ். கேள்வித்தாளையும் நானே தயாரித்து விடையையும் நானே எழுதினால் பெயிலாவேனா?

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உஷாராக இருந்தேன். பழையதை நிறுத்தாமல் புதியதையும் கூடவே ஓடவிட்டேன். அதே தகவல் இரண்டுக்கும் போகும். வாடிக்கையாளருக்குப் பழையதன் பதில்தான் போகும். புதியதன் பதிலை நாங்கள் மட்டும் பார்ப்போம். கூடவே இன்னொரு பிடிவாதமும் வைத்துக்கொண்டேன். எந்த இடத்தில் மாற்றப்போகிறோமோ அந்த இடத்துக்கு நேரில் போய், இதை இதை மாற்றியிருக்கிறேன் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். மெயில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. நானே படிப்பதில்லை.

தொழிற்சாலைதான் ஒன்பதில் பெரியது. ஆகவே அங்கே முதலில் போனேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் சிப்காட்டில் இறங்கிக்கொள்ளலாம். வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்கிறவர் டைம் ஆபீசில் இருந்தார். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். நான் நீட்டிய புதிய பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னா மேடம், சி ஷிப்ட்டுகாரன் ஒருத்தனும் வூட்டுக்கே போவலையா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அங்கே மூன்று ஷிப்ட். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை ஏ, இரண்டிலிருந்து இரவு பத்து வரை பி, பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு வரை சி. என் புதிய மாட்யூல் நள்ளிரவில் நாளை முடித்துவிட்டது. ஆகவே சி ஷிப்ட் ஆட்கள் இரவு உள்ளே வந்தது ஒரு நாள் கணக்கில், காலையில் வெளியே போனது அடுத்த நாள் கணக்கில். முதல் நாள் பட்டியலில் அவர்கள் வந்தார்கள், போகவே இல்லை. மறுநாள் பட்டியலில் வராமலே வெளியே போனார்கள்.

"இங்க நாளுன்னா காலைல ஆறு மணிக்குத்தான் ஆரம்பம். எத்தினியோ வருசமா அப்டித்தான்."

"சம்பளத்துல தப்பு வந்துடும், இல்ல?" என்றேன்.

"சம்பளம் கெடக்குது மேடம். அத அடுத்த மாசம்கூட சரி பண்ணிக்கலாம். சைரன் அடிச்சா இந்த லிஸ்ட்ட எடுத்துகினு கேட்டாண்ட ஓடணும் நானு. உள்ள யாரு மாட்டிகினு இருக்காங்கன்னு இதுதான் சொல்லணும். இந்தப் பேப்பர வெச்சிகினு நான் யாரத் தேடுவேன்?"

முகம் சுட்டது. நான் கேலி செய்து தூக்கியெறிந்த வரி என் கண்முன் வந்து நின்றது. தப்பு என் மேல்தான், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார்.

"உங்க பழைய லிஸ்ட்டும் ஒண்ணும் ஒசத்தி இல்ல. ஆறு அடிச்சா பக்கம் மாறிடும். சி ஷிப்ட்டுகாரன் ஆறு அடிச்ச ஒடனே ஓடிடுவானா? வேலய ஒப்படைக்கணும், குளிக்கணும், அவன் கெளம்பப் பத்து பதினஞ்சு நிமிசம் ஆவும். அந்த நேரத்துல அவன் பேரு பழைய பக்கத்துல இருக்கும், புதுப் பக்கத்துல இருக்காது. அதுக்குத்தான் டெய்லி ஆறுலேர்ந்து ஆறே கால் வரைக்கும் இந்த நோட்டுல நானே எழுதிகினு, அவன் போன டைம பழைய பக்கத்துல ஏத்திடறேன்."

"எங்ககிட்ட சொல்லலாமே சார்?"

"உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரே, அவருகிட்ட சொன்னேன். பாக்கறேன்னாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் ரசாயன நெடிக்கு ஜன்னலை எல்லோரும் சாத்தியிருந்தார்கள். செம்மங்குப்பம் தாண்டும் வரை யாரும் திறப்பதில்லை. நான் அந்த வெக்கையில் உட்கார்ந்து, அறையில் என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

கோயில் வீதிக்காரி தலையை ஆட்டினாள். "எங்க வீட்லயும் பொழுது விடிஞ்சாத்தான்க்கா அடுத்த நாளு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொழந்த பொறந்தா முந்தின நாளத்தான் கிழமன்னு சொல்லுவாங்க."

"ஏண்டி, இத அன்னைக்கே சொல்லக் கூடாது?"

"நீங்க சார வறுத்துக்கிட்டு இருந்தீங்க. நடுவுல என்னாத்தச் சொல்றது?"

மருத்துவமனைக்குப் போன் செய்தோம். அங்கே நர்சுகளுக்கு நாள் காலை ஏழுக்குத் தொடங்குகிறது. எங்கள் மாட்யூல் ஆறு என்று வைத்திருந்ததால் ஒரு மணி நேரத்தை அவர்களும் கையால் திருத்திக்கொண்டிருந்தார்கள். பரங்கிப்பேட்டைக்காரி தன் பங்குக்கு, பிறை பார்த்து நாள் கணக்கிடும் தன் வீட்டில் சூரியன் விழுந்தாலே அடுத்த நாள் வந்துவிடும் என்றாள். நான்கு பேர் இருந்த அறையில் மூன்று விதமான நாள் இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் நள்ளிரவைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

மறுநாள் கடலூர் போய் சீனியர் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத கலை. அவர் எழுதிய வரியை எடுத்துவிட்டதையும், அதை வைத்துச் சிரித்ததையும், டைம் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அத எழுதுறப்போ ஒரு வாரம் அந்த டைம் ஆபீஸ்லயேதான் ஒக்காந்திருந்தேன்" என்றார்.

"அப்ப ஏன் சார், எதுக்குன்னு ஒரு வரி எழுதி வெக்கல?"

"எதுக்கும்மா எழுதணும்? ஃபேக்டரி நாளு ஆறு மணிக்கு ஆரம்பம்னு கடலூர்ல யாருக்குத் தெரியாது?"

அவருக்கு நிஜமாகவே அது விளங்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எழுதி வைப்பது மரியாதைக் குறைவு என்பதுபோலப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து வியாதி இது. தெரிந்ததைச் சொல்ல மாட்டோம், தெரியாததைக் கேட்க மாட்டோம்.

"அந்த ஆறுலேர்ந்து ஆறே கால் விஷயம் சார்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அதுதாம்மா எனக்குப் பயம். அந்த மாட்யூல எவன் தொறந்தாலும் மொதல்ல அதத்தான் கண்டுபிடிப்பான். நான் எழுதுனதுல ஓட்ட இருக்குன்னு வெளிய வந்துடும். அதனாலதான் யாரும் தொடாதீங்கன்னுகிட்டே இருந்தேன். எப்டி சரி பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது. இத்தனை வருஷமாக ஓட்டைமேல் பாயைப் போட்டு, பாய்மேல் தானே உட்கார்ந்திருந்திருக்கிறார் பாவம். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவர் சிதம்பரம் வந்தார். எங்கள் அறையில் ஐந்தாவது நாற்காலி இல்லாததால் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டோம். தான் எழுதிய ஒவ்வொரு விசித்திர வரிக்கும் எதற்காக என்று தமிழில் விளக்கம் எழுதினார். அழகான தமிழ்.

நான்காம் வெர்ஷனில் இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, மாட்யூல் தானாக எதையும் முடிவு செய்யாது. எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு மென்பொருளையும் அது கேட்கும்: உனக்கு நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? பதில் சொல்லாவிட்டால் ஓடவே ஓடாது. பேசாமல் தவறாக ஓடுவதைவிடச் சத்தம் போட்டு நிற்பது மேல் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டாவது, ஒருவர் வெளியே போகும்வரை அவருக்கு அன்றைய நாள் முடியாது. கடிகாரம் ஆறு அடித்தாலும் சரி, ஏழு அடித்தாலும் சரி, உள்ளே இருப்பவர் உள்ளே இருப்பவர்தான். இந்த இரண்டாவதைக் கண்டுபிடித்தது கப்பல்காரர் மனைவி. "அவர் கப்பலுக்குக் கெளம்புனாத்தானக்கா எனக்கு லீவு முடிஞ்சதுன்னு அர்த்தம், காலண்டர் சொன்னா முடிஞ்சிடுமா?" என்றாள். அதை அப்படியே எழுதினோம்.

ஒன்பது மென்பொருளும் மாட்யூலைக் கூப்பிட்டுவந்த பழைய பெயர்களை உடனே எடுத்துவிடவில்லை. அவை வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டது இன்னார் என்று ஒரு குறிப்பை எழுதிவைக்கும். தினமும் காலையில் அந்தக் குறிப்பைப் பார்த்து, இன்னும் யார் மாறவில்லை என்று தெரிந்துகொள்வோம். காப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். சாமி சத்தியமா ஃபைனலை அழித்த அன்று பரங்கிப்பேட்டைக்காரி பிரியாணி கொண்டுவந்தாள்.

எட்டு இடங்கள் ஒவ்வொன்றாக மாறின. பள்ளிக்கூடத்துப் பஸ் பட்டியல் மட்டும் காலை ஏழு மணிக்கு ஓட மறுத்து நின்றது. பள்ளியிலிருந்து போனில் காய்ச்சி எடுத்தார்கள். நாள் எப்போது தொடங்கும் என்ற கேள்விக்கு நாங்கள் பதில் எழுத மறந்திருந்தோம். மாட்யூல் தன் வேலையைச் செய்திருந்தது. பத்து நிமிஷத்தில் பதில் எழுதி ஓடவிட்டோம். அந்தத் திட்டு எனக்கு வலிக்கவே இல்லை.

கடைசியில் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மாற்றுவோம் என்றார் முதலாளி. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"ராத்திரில மாத்துனா தப்பு வந்தா யாரு சார் பாப்பாங்க? எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க. புதங்கிழம பகல் பதினோரு மணிக்கு மாத்தலாம். டைம் ஆபீஸ் சார் சீட்ல இருப்பாரு, நாங்க நாலு பேரும் சீட்ல இருப்போம், டீயும் கெடைக்கும்" என்றேன்.

டைம் ஆபீஸ்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "நோட்டத் தூக்கிப் போடச் சொல்றீங்க. சரி. சேஃப்டி ஆபீசர்ட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம காலைல ஆறு பத்துக்கு சைரன் அடிக்கச் சொல்லி ஒத்திக. சி ஷிப்ட்டு போற நேரம், ஏ ஷிப்ட்டு வர்ற நேரம். அதுல ஆளு சரியா வந்தா நான் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா பழையபடி நோட்டுதான்."

நோட்டுதான் என்றால் மாட்யூல் தேறவில்லை என்று பொருள். மாட்யூல் தேறாவிட்டால் சென்னைக் கம்பெனி. முதலாளி அதை எனக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

புதன்கிழமை மாற்றம் சத்தமில்லாமல் முடிந்தது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கேட்டில் சீனியர் எனக்கு முன்பே வந்து நின்றார். முதலாளியும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வந்திருந்தார். ஆறு பத்துக்கு சைரன் அடித்தது. ஆட்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் கூடுமிடம் என்று பச்சைப் பலகை வைத்திருந்த திடலுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். டைம் ஆபீஸ்காரர் அச்சடித்த பட்டியலோடு ஓடிவந்தார். நோட்டு அவர் கையில் இல்லை.

பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பேர். எண்ணினார்கள். நூற்றுப் பதினேழு.

மறுபடியும் எண்ணினார்கள். நூற்றுப் பதினேழுதான்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சீனியரைப் பார்த்தேன். சீனியர் தரையைப் பார்த்தார். எங்கே விட்டேன், எந்த வரியில் விட்டேன் என்று மனசு மாட்யூல் முழுக்க ஓடியது. மூன்று மாத உழைப்பும் நான்கு பேர் வேலையும் ஒரே ஓர் ஆளில் வந்து நின்றன.

டைம் ஆபீஸ்காரர் பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. சி ஷிப்ட் ஆள். "அவன் போயிருப்பான் சார்" என்றார்கள் இரண்டு பேர். "நான் பாத்தேன், பைய எடுத்தான்" என்றார் இன்னொருவர்.

டைம் ஆபீஸ்காரர் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "மேடம், இது உள்ளன்னு சொல்லுது. நம்பலாமா?"

"நம்புங்க சார். வெளிய பஞ்ச் பண்ணல. உள்ளதான் இருக்காரு" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று எனக்கு வரிவரியாகத் தெரியும்.

இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். தலை நிறையச் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு ஒரு மனிதரை நடத்திக்கொண்டு வந்தார்கள். குளிக்கிற சத்தத்தில் அவருக்கு சைரன் கேட்கவில்லை. "சோப்பு கண்ல போயிடுச்சு சார், ஏன் இப்டி இழுத்துகினு வர்றீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார். திடல் முழுக்கச் சிரித்தது. நூற்றுப் பதினெட்டு.

பழைய வெர்ஷனாக இருந்திருந்தால் ஆறு மணிக்கே சி ஷிப்ட் பெயர்கள் எல்லாமே பட்டியலிலிருந்து மறைந்திருக்கும். அவன் போயிருப்பான் என்ற பேச்சை நம்பி எல்லோரும் திருப்தியாக நின்றிருப்போம், அவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்திருப்பார். நிஜமான சைரனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டைம் ஆபீஸ்காரர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி நீட்டிய தாளில், அவர் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

சீனியர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீதாம்மா" என்றார். அந்த ஆளுக்கு எப்போதும் ஒற்றைச் சொல்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலாளியோ, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்தும் பதைபதைப்போடு சிதம்பரம் வந்து சேர்ந்தேன். மூன்று பேரும் வாசலிலேயே நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். சோப்பு நுரையை மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். பிறகு வேலையில் உட்கார்ந்தோம், யாருக்கும் வேலை ஓடவில்லை.

மதியம் முதலாளி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சென்னைக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். இனிமே காமன் மாட்யூல் சிதம்பரத்தோட பொறுப்பு. கடலூர்ல எவன் எது மாத்தணும்னாலும் உங்களக் கேட்டுட்டுத்தான் மாத்தணும், மச்சானும் சேத்துத்தான். அடுத்த வெர்ஷன் எப்பன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

கோயில் வீதிக்காரிதான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். மூன்று மாதமாக நாங்கள் யாருமே கேட்கத் துணியாததை அவள் கேட்டாள்.

"அப்ப எங்க ரூமு சார்?"

"ரூமா?" முதலாளி மறந்தே போயிருந்தார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "அத காலி பண்ணிட்டா நாங்க யாரம்மா போய்க் கேக்கறது?"

போனை வைத்ததும் நான் அழுதேன். மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, நன்றாக அழுதேன். கோயில் வீதிக்காரி என் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, எனக்கு சாயங்காலம் லேட்டாவும். இங்க வேல ஜாஸ்தி" என்றாள்.